அல்அஸ்ஹரில் தேர்வு வந்த வரலாறு

பாடத்திட்டம் காலத்திற்கேற்ப மாறவேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு அதிகமில்லை. கற்றதை மதிப்பிடும் முறை எவ்வாறு மாறவேண்டும் என்பதே கடினமான வினா. கெய்ரோவின் அல்அஸ்ஹர் இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு நமக்குப் படிப்பினை தருவதாகும்.

கி.பி. 972இல் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அப்பள்ளிவாசலில் நூற்றாண்டுகளாகப் பொதுத்தேர்வு இருந்ததில்லை. தூணருகே அமரும் ஷைகைச் சூழ்ந்து மாணவர் பாடங்கேட்பர். ஒரு நூலில் தேர்ந்தவருக்கு, அதனைப் பிறருக்குக் கற்பிக்க ஷைகு 'இஜாஸா' அளிப்பார். மாணவரை நன்கறிந்தவரே சான்று வழங்கினார் என்பது இம்முறையின் சிறப்பு. எல்லோர்க்கும் பொதுவான அளவுகோல் இல்லாமை அதன் குறை. பிற்காலத்தில் மூலநூல்களை ஷரஹுகளும், அவற்றின் மீதான ஹாஷியாக்களும் மூடிவிட்டன. தன்தா நகரில் ஒன்றரை ஆண்டு இலக்கணவுரை கேட்டும் எதுவும் விளங்காமல் ஓடிப்போன தம் சிறுவயது அனுபவத்தை முஹம்மது அப்துஹு பின்னாளில் எழுதிவைத்தார்.

ஷைகுல் அஸ்ஹர் முஹம்மது அல்அப்பாஸி அல்மஹ்தீயின் காலத்தில், 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியராக விரும்புவோர்க்கு 'ஆலிமிய்யா' தேர்வை விதித்தது. உலமாக்கள் அறுவர் தேர்வாளர், பாடங்கள் 11, தரங்கள் 3. அளவுகோல் பொதுவாயிற்று. ஆயினும் ஃபிக்ஹு, தஃப்சீர், ஹதீஸ், நஹ்வு, மன்திக் முதலிய மரபுக் கலைகளே தேர்வுக்குரியவாயின. கணிதமும் வரலாறும் அவற்றுள் இல்லை.

1877இல் அத்தேர்வை எழுதி இரண்டாந்தரம் பெற்ற அப்துஹு, 1895இல் அமைந்த நிர்வாகக் குழுவில் இடம்பெற்றுச் சீர்திருத்தத்தை முன்னெடுத்தார். 1896ஆம் ஆண்டுச் சட்டம் 8 ஆண்டு கற்றோர்க்கு 'அஹ்லிய்யா', 12 ஆண்டு கற்றோர்க்கு 'ஆலிமிய்யா' என வகுத்தது, கணிதமும் பாடமாயிற்று. எதிர்ப்பு ஓயவில்லை. 1905இல் பதவி விலகிய அப்துஹு அவ்வாண்டிலேயே மறைந்தார்.

1912இல் பார்வையற்ற மாணவர் தாஹா ஹுசைன் ஆலிமிய்யா தேர்வில் தோற்றார். தம்மைத் தேறவிடக்கூடாதென முன்பே முடிவாகியிருந்தது என்று தம் 'அல்அய்யாம்' நூலில் கூறுகிறார். 1908இல் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகம், அல்மஅர்ரீ பற்றிய ஆய்வுக்காக அவருக்கே 1914இல் டாக்டர் பட்டம் அளித்தது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் மருத்துவமும் பொறியியலும் அல்அஸ்ஹரில் புகுந்தன. முதல் தேர்வுக்கும் இதற்கும் இடையே 89 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தனியாசிரியரின் விருப்பத்திற்கு உட்பட்டிருந்த தகுதியைப் பொது அளவுகோலுக்குக் கொணர்ந்தது தேர்வு. ஆனால் தேர்வாளர் எதனைக் கல்வியெனக் கருதினரோ அதனையே அது அளந்தது. நம் மத்ரஸாக்களிலும் பள்ளிகளிலும் புதிய பாடநூல்களைச் சேர்க்க முற்படும் நாம், வினாத்தாளை அமைப்போரையும் மதிப்பெண் இடுவோரையும் அதற்கேற்ப ஆயத்தப்படுத்தினோமா என்பதை முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.