நிலமும் பொழுதும் புள்ளும்: சென்னை மனைத்திட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு

நகர் விரியுங்கால் ஏரி மனையாதலும் காடு தெருவாதலும் வரலாற்றில் புதியன அல்ல. மக்கட்கு வீடு வேண்டும். அதனை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயின், மனைக்கென ஒரு நிலத்தை வகுத்தோர், அந்நிலத்தின்கண் முன்னரே குடியிருந்த உயிர்களையும் எண்ணினரா, எண்ணினராயின் எவ்வாறு எண்ணினர் என்னும் வினா ஆராயத்தக்கது. சென்னை மாநகரின் மூன்று இடங்களைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்கின்றோம்.

தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாகப் பகுத்தார். மாவும் மரமும் புள்ளும் கருப்பொருளுள் வைத்து எண்ணினார். இது செய்யுட்கு வகுத்த இலக்கணமேயன்றி நகரமைப்பிற்கு வகுத்த விதி அன்று. அவ்வாறு கூறுதல் மிகையாம். எனினும், ஒரு நிலத்தை அறிவதற்கு அதன் பரப்பு மட்டும் போதாது, காலமும் உயிர்களும் உடன் வைத்து எண்ணப்படல் வேண்டும் என்னும் பகுப்புமுறை அதனின்று பெறப்படும். அதனையே ஈண்டு அளவுகோலாகக் கொள்கின்றோம்.

மாம்பலம்

அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என வழங்கினர். படகுப் போட்டி நடத்தும் அளவிற்கு அஃது அகன்றிருந்தது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் தோன்றியது. நகரில் வாழ்வோர்க்கும் இனி வாழப்போவோர்க்கும் நலவாழ்வும் வசதியும் உறுதி செய்தலே அதன் நோக்கம். 1923இல் ஏரி வடிக்கப்பட்டு, ஏறத்தாழ 1,600 ஏக்கர் பரப்பில் மாம்பலம் மனைத்திட்டம் எழுந்தது. அப்பகுதியே சர் பிட்டி தியாகராயர் பெயரால் தியாகராய நகர் ஆயிற்று.

ஏரியை வடித்தோரைக் கொடியோர் எனக் கூறுதல் வரலாறாகாது. வருவாய்க் கணக்கில் ஏரி என்பது பாசனத்தின் கருவி. ஆயக்கட்டு வயல்கள் குடியிருப்பாக மாறவே, அக்கணக்கின்படி ஏரிக்குச் செய்யும் தொழில் இல்லையாயிற்று. தொழிலற்ற ஏரி வெற்றிடமாகத் தோன்றியது. அதன்கண் மேய்ந்த நாரைக்கும் கொக்கிற்கும் கணக்கேட்டில் பத்தி இல்லை. சட்டமும் அத்தகைய கணக்கைக் கேட்கவில்லை. பின்னர், நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெயர்களே. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை ஏரியைக் காணும் சாலை எனப் பொருள்படும். அங்கு நின்று காண்பதற்கு ஏரி இல்லை.

கிண்டி

கிண்டியின் வரலாறு சற்று வேறானது. ஆளுநரின் தோட்டமாக இருந்தமையால் அக்காடு நெடுநாள் மனையாகாது தப்பியது. 1959இல் அதன் ஒரு பகுதியில் தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. எஞ்சியதில் ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இங்கு வாழும் மான்களுள் புள்ளிமான் புதரும் நிழலும் உள்ள இடத்திலும் வாழ வல்லது. வெளிமானோ திறந்த புல்வெளியை வேண்டுவது. அதன் பெயரே அதன் வாழிடத்தைக் கூறிநிற்றல் காண்க. மரம் அடர்ந்து புல்வெளி குறையுமாயின், பூங்காவின் பரப்பு ஓர் அடியும் குறையாமலே வெளிமானின் வாழிடம் குறைந்துவிடும். எனவே, ஹெக்டேர்க் கணக்கு மட்டும் காப்புக் கணக்காகாது என்பது பெறப்படும்.

பள்ளிக்கரணை

மூன்றாவது சான்றே இவ்வாய்வின் உயிர்நிலை. தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பை மக்கள் கழுவெளி என்றனர். நகரின் தென்பால் உள்ள பல ஏரிகளின் மிகைநீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளத்தில் கடல் சேரும். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்பெற்ற இச்சதுப்பு, குப்பைமேடும் சாலைகளும் குடியிருப்புகளும் அலுவலகக் கட்டடங்களும் சூழச் சுருங்கியது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இச்சதுப்பு சுருங்கியதற்கு மண்ணாசை ஒன்றே காரணமன்று. பொழுதை எண்ணாமையும் காரணமாம். வடகிழக்குப் பருவமழையில் நிறையும் நீர், மாசி பங்குனியில் மெல்ல வற்றும். வற்றுங்கால் வெளிப்படும் சேற்று விளிம்பிலேயே குறுங்கால் உள்ளான் இரை தேடும். நெடுங்கால் பூநாரை ஆழங்குறைந்த நீரில் மேயும். கூழைக்கடா ஆழ்நீரில் மீன் பிடிக்கும். நீலத்தாழைக்கோழி கோரையிடைக் கூடு கட்டும். நீரின் ஆழம் மாறுந்தோறும் பறவையும் மாறும். அவ்விளிம்பு கோடையில் வறண்டு கிடத்தலின், வரைபடத்தில் வெற்று நிலமாகத் தோற்றும். முதலில் மண் கொட்டி மேடாக்கப்படுவதும் அவ்விளிம்பே. நடுநீர் அப்படியே இருப்பினும், விளிம்பு அழிந்த சதுப்பில் உள்ளானுக்கு இடமில்லை.

இவ்விழப்பு புள்ளினத்தோடு நின்றதன்று. நீர் பரந்து தங்கும் இடம் குறைந்தமையின் விளைவை 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கண்டன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட எளிய மக்கட்கெனச் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அரசு அமைத்த குடியிருப்புகளும் வெள்ளத்திற்கு ஆளாயின. பறவைக்கு இடமில்லை என்ற கணக்கே ஏழைக்கும் உலர்ந்த இடமில்லை என முடிந்தது.

2006ஆம் ஆண்டு விதி

கணக்கேட்டில் இல்லாத பத்தி பின்னர்த் தோன்றியது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புடைய திட்டங்கட்கு முன் இசைவு வேண்டும் என்றது. கட்டுவோர் நிரப்பும் படிவத்தில், நிலத்திலும் நீரிலும் வாழும் உயிர்கள் இடம்பெயருமா, அவற்றின் நடமாட்டம் தடைப்படுமா, பறவைகட்குக் கேடு நேருமா என்னும் வினாக்கள் இடம்பெற்றன. 1920இன் சட்டத்தோடு ஒப்பிட இஃது ஒரு பெரும் மாற்றமே.

எனினும் குறைகள் உள. அவ்வரம்பிற்குக் கீழ்ப்பட்ட கட்டடங்கள் அவ்வினாக்கட்கு விடை கூற வேண்டியதில்லை. அத்தகையன நூறு சேரின் ஒரு சதுப்பின் விளிம்பு முழுதும் மறையும். கட்டடத் திட்டங்கட்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் அவ்வறிவிக்கையில் விலக்கப்பட்டது. அனைத்திற்கும் மேலாக, மதிப்பீடு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே நிகழ்கின்றது. நீரோ மனை எல்லை அறியாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். மாம்பலம், உயிர்கள் கணக்கில் எண்ணப்படாமையைக் காட்டுகின்றது. கிண்டி, பரப்பை எண்ணினும் அதன் தன்மையை எண்ண வேண்டும் என்கின்றது. பள்ளிக்கரணை, பொழுதை எண்ணாத மதிப்பீடு நிலத்தையே தவறாகப் படிக்கும் என அறிவுறுத்துகின்றது. ஆதலின், ஒரு மனைத்திட்டத்தை மதிப்பிடுவோர் அந்நிலத்தைக் கார்காலத்தும் முன்பனியினும் முதுவேனிலிலும் சென்று காணல் வேண்டும். தனி மனையை நோக்காது நீர்வழி முழுதையும் நோக்கல் வேண்டும். நிலமும் பொழுதும் கருவும் பிரித்தெண்ணத் தகாதன என்பதைச் செய்யுள் வழக்கில் அறிந்த நாம், அதனை மனை வழக்கிலும் கொள்வோமாயின், வீடும் எழும். நாரையும் வந்து இறங்கும் என்பது எம் துணிபு.