கடல்வழியைக் கண்டுபிடித்தவர் யார்?



வரலாற்றுப் பாடத்தில் நம் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளை மனனம் செய்கின்றார்கள். 1498இல் வாஸ்கோட காமா இந்தியாவுக்கான கடல்வழியைக் கண்டுபிடித்தார். 1505இல் லொறன்சோ டி அல்மெய்தா இலங்கைக்கு வந்து சேர்ந்தார். இதற்கு மறுப்பாக நமது மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஒரு செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது: வாஸ்கோட காமாவுக்கு வழி காட்டியவர் அஹ்மத் இப்னு மாஜித் என்ற அரபு முஸ்லிம் மாலுமியே, ஆகவே கண்டுபிடிப்பின் பெருமை நமக்கே உரியது என்பதே அச்செய்தி. பிள்ளைகள் இதைக் கேட்டு மகிழ்ந்து, வகுப்பிலும் சென்று சொல்கின்றார்கள். இச்செய்தி உண்மைதானா என்று முதலில் பார்ப்போம்.

1498 ஏப்ரல் மாத இறுதியில் வாஸ்கோட காமாவின் கப்பல்கள் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மாலிந்தித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. மாலிந்தி மன்னர் கொடுத்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் இருந்தார். ஒரு மாதத்திற்குள், மே 20ஆம் திகதி, அவை கள்ளிக்கோட்டைக்கு அருகில் நங்கூரமிட்டன. இதில் எவருக்கும் ஐயமில்லை. அந்த வழிகாட்டி யார் என்பதிலேயே சிக்கல் எழுகின்றது. பதினாறாம் நூற்றாண்டின் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தைச் சேர்ந்த ஒரு சோனகர் என்றே எழுதினார்கள். 'மாலெமோ கானா' என்பது போன்ற ஒரு பெயரையும் தருகின்றார்கள். அது ஓர் ஆளின் பெயரன்று, தொழிற்பெயர். 'மாலெமோ' என்பது அரபியின் 'முஅல்லிம்'. 'கானா' என்பது வானியல் கணிதரைக் குறிக்கும் 'கணகன்' என்ற இந்தியச் சொல்லின் திரிபு.

அப்படியாயின் இப்னு மாஜித் எங்கிருந்து வந்தார்? அந்தப் பயணத்திற்குப் பல பத்தாண்டுகளின் பின்னர், மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் அந்நஹ்ரவாலி என்ற ஆசிரியர் யெமன் நாட்டு வரலாற்றை எழுதும்போது இப்பெயரைக் குறிப்பிட்டார். அதுவும் புகழ்ச்சியாக அன்று. மதுபோதையில் பறங்கியருக்கு வழியைச் சொல்லிவிட்டார் என்ற பழியாக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெராண்ட் அதை எடுத்துப் பரப்பினார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பறங்கியரின் பதிவும் அந்நஹ்ரவாலியின் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தவுமில்லை.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் கலையைப் பயின்ற எவருக்கும் இது புதிய கேள்வியன்று. சம்பவத்தைக் கண்டவர் யார், அவரிடமிருந்து கேட்டவர் யார், சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்த பின்னரே ஒரு செய்தியை ஏற்க வேண்டும் என்று நமது இமாம்கள் கற்பித்தார்கள். ஸூறதுல் ஹுஜ்ராத்தின் 6ஆம் வசனமும் வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படியே கட்டளையிடுகின்றது. அந்த அளவுகோலை மார்க்கச் செய்திகளுக்கு வைத்துவிட்டு, நம் பெருமையைப் பேசும் செய்திகளுக்கு மட்டும் தளர்த்துவது நீதியன்று. அத்தோடு, இத்தகைய ஒரு செய்தியை நம் பிள்ளை சபையில் சொல்லி, விடயம் தெரிந்த ஒருவர் அதை மறுத்துவிட்டால், அதன் பின் அப்பிள்ளை சொல்லும் உண்மைகளுக்கும் மதிப்பிருக்காது.

உண்மையில் இப்னு மாஜித் (ரஹ்) அவர்களுக்கு இரவல் பெருமை தேவையே இல்லை. இன்றைய ராஸ் அல்கைமாவிலுள்ள ஜுல்ஃபாரில் பிறந்த அவர், ஏறத்தாழ 1490இல், அதாவது பறங்கியர் நம் கடலுக்குள் நுழைவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, கடற்கலையின் அடிப்படைகள் பற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' என்ற பெருநூலை எழுதி முடித்தார். நட்சத்திரங்கள், காற்றுகள், பருவங்கள், கரைகள் எல்லாம் அதில் உண்டு. தமக்கு முன் சென்றோரிடமிருந்து கற்றதை எழுதி வைத்த ஓர் ஆசிரியரின் நூல் அது.

மாலுமிகள் திசையை மாத்திரமன்றி, தாம் நிற்கும் இடத்தையும் அளந்தார்கள். 'கமால்' என்ற கருவி மிக எளியது. ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவில் கட்டிய கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதுவே அந்த இடத்தின் உயரம். இதனை 'இஸ்பஃ', அதாவது விரல் என்ற அளவால் குறித்தார்கள். ஒரு விரல் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம். வடக்கே செல்லச் செல்ல அந்த நட்சத்திரம் உயரும், தெற்கே வர வரத் தாழும். நமது யாழ்ப்பாணம் வட அகலக்கோடு பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பதால், பருத்தித்துறைக் கரையில் தெளிந்த இரவில் வடக்கு நோக்கி நின்று கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், முஷ்டியின் மேல் விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம் தெரியும். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். செலவில்லாத பாடம் அது.

மாலுமி என்ற நமது தமிழ்ச் சொல்லே அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததாக அகராதி ஆசிரியர்கள் கூறுவர். பள்ளியில் ஓதிக் கொடுப்பவருக்கும் கப்பலுக்கு வழி காட்டுபவருக்கும் ஒரே பெயர்! பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே பறங்கியர் வாய்வழியாக உலகமெங்கும் பருவக்காற்றின் பெயராயிற்று. ஆனால் அந்தக் காற்றையும் அரபிகள் மட்டும் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட முடியாது. இஸ்லாத்திற்கு முந்தைய முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலொன்று, நடுக்கடல் வழியைக் கண்டவர் ஹிப்பாலஸ் என்கிறது. அவருக்கும் முன்னர் இக்கடலில் ஓடியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று நம் கரையோர மீனவர்கள் எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றார்கள்?

வெளிநாட்டார் நம் குடாநாட்டிற்கு வந்து போனதற்குக் கல்லில் எழுதிய சாட்சி உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது. பரதேசிகள் ஊர்காவற்றுறையிலே வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அது கூறுகின்றது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பலாயின் சரிபாதி. அந்தப் பரதேசிகள் எந்த மதத்தவர் என்று கல்வெட்டு சொல்லவில்லை. நாமும் அவர்களுக்கு நம் பெயரைச் சூட்ட வேண்டியதில்லை. ஒரு குதிரை எவ்வளவு தூரம் கடல் கடந்து வந்தது என்பதை அந்த முக்கால் பங்கே நமக்கு உணர்த்துகிறது.

இனி, நம் மன்னரைக் கண்ணாரக் கண்டு எழுதியவரிடம் வருவோம். மொரோக்கோவின் தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதா (ரஹ்) 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டவர். மாலைதீவில் காழியாகப் பணிபுரிந்து, 1344இல் அங்கிருந்து தமிழகக் கரையாகிய மஃபருக்குக் கப்பலேறினார். காற்று அவரை இலங்கைக்குத் தள்ளியது. (161 ஆண்டுகளின் பின் அல்மெய்தாவும் மாலைதீவுப் பக்கம் முஸ்லிம் கப்பல்களைத் தேடிச் சென்று, காற்றால் தள்ளப்பட்டே இங்கு வந்தார். வந்த விதம் ஒன்று. வந்த நோக்கம் வேறு.)

கரையை நெருங்கியதும் கப்பலோட்டிகள் அஞ்சினார்கள். இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை. அவர் கொடியவர், அவரிடம் கடற்கொள்ளைக் கப்பல்கள் உண்டு என்றார்கள். இப்னு பதூதா கரையிறங்கி, தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாண அரசர் அவரை வரவேற்று மூன்று நாட்கள் உபசரித்தார். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று அவர் எழுதுகின்றார். ஒருநாள் முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, இத்தகையவற்றைக் கண்டதுண்டா என அரசர் கேட்டார். பாரசீகக் குடாவின் முத்துக்கள் இவற்றுக்கு ஈடில்லை என்று விருந்தினர் பதில் கூற, மகிழ்ந்த அரசர் அம்முத்துக்களை அவருக்கே கொடுத்து, வேண்டியதைக் கேளும் என்றார். பாவா ஆதம் மலையைக் காண வேண்டும் என்பதே அவர் கேட்டது. அரசர் பல்லக்கும், யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், ஏனைய துணையாட்கள், உணவு சுமப்போர் என்று ஒரு கூட்டத்தையும் உடன் அனுப்பினார்.

ஒரு முஸ்லிம் காழியை ஓர் இந்து அரசர், யோகிகளின் வழித்துணையுடன், சிங்கள அரசரின் எல்லைக்குள் இருந்த மலைக்கு அனுப்பிய இந்தச் செய்தியை, வெறும் கதையென்று தள்ளிவிடலாகாது. சென்று திரும்பியவரே சொல்ல, 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸைய் எழுதி முடித்த நூலில் உள்ளது அது. சங்கிலி அறுபடவில்லை. நினைவிலிருந்து சொன்னதால் சில இடங்களில் பிழை இருக்கலாம் என்று ஆய்வாளர் கூறுவதையும் நாம் மறைக்க வேண்டாம்.

அந்தச் சந்திப்பு நடந்த ஊரை அவர் 'பத்தாலா' என்கிறார். மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊர். கரையெங்கும் கறுவாக் கட்டைகள் மலை போலக் குவிந்து கிடந்தனவாம். அது புத்தளம் என்பது வரலாற்றாசிரியர்களின் முடிவு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வீடு வாசலையும் பள்ளிவாசலையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். வட மாகாண முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சென்றடைந்த இடமும் அதே புத்தளந்தான். அங்கே பிறந்து வளர்ந்து, பின்னர் சோனகர் தெருவுக்குத் திரும்பிய இளைஞனிடம், நீ எந்த ஊரவன் என்று இங்கும் கேட்கிறார்கள், அங்கும் கேட்கிறார்கள். ஆரியச்சக்கரவர்த்தியின் காலத்தில் அவ்விரு கரைகளும் ஒரே அரசரின் துறைகளாக இருந்தன என்பதை அவன் தெரிந்திருப்பது நல்லது.

மலைக்குப் புறப்படுமுன் இப்னு பதூதா மற்றொன்றையும் கேட்டார்: தம் கப்பல் பாதுகாப்பாக மஃபர் போய்ச் சேர வேண்டும். அரசர் சம்மதித்தார். ஓர் ஆண்டாயினும் அவரின்றிப் புறப்படேன் என்றார் கப்பல் தலைவர். அவர் திரும்பும்வரை நீ என் விருந்தாளியாக இரு என்று அரசர் அத்தலைவரைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மலை ஏறி, தென்கரை வழியாகத் தீவைச் சுற்றி அவர் மீண்டும் புத்தளம் வந்தபோது, அந்தக் கப்பல் அங்கேயே நின்றது.