பெட்ரோல் பங்க் டேங்க்கில் மழைத்தண்ணீர் புகுந்தால்... அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாகன ஓட்டிகள் தெரிஞ்சுக்க வேண்டியது

அம்பத்தூர்:-

மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும். பாடியில் இருந்து ஆவடி வரை சி.டி.எச். ரோட்டிலும் சரி, பூந்தமல்லி, கரையான்சாவடி பக்கமும் சரி, பெட்ரோல் பங்க் வாசலில் கயிறு கட்டி "ஸ்டாக் இல்லை" போர்டு மாட்டுவதை பார்க்கலாம். லாரி வராதது ஒரு காரணம். பூமிக்கு அடியில் உள்ள டேங்க்கில் தண்ணீர் இறங்கி அவசர ரிப்பேர் நடப்பது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அப்போது சென்னையில் பல பங்க்குகள் மூடிக்கிடந்தன. திறந்திருந்த பங்க்குகளில் பைக்கும் ஆட்டோவும் நீண்ட கியூவில் நின்றன.

தண்ணீர் எப்படி உள்ளே போகுது?

பங்க் தரையில் வட்ட வட்டமாக இரும்பு மூடிகள் தெரியும். லாரியில் இருந்து பெட்ரோல் இறக்கும் வாயும், அளவு பார்க்கிற குழாயும் அதற்குள்தான் இருக்கின்றன. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால், மேலே தேங்கும் தண்ணீர் நேராக டேங்க்கில் இறங்கும். பழைய டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் இதே கதிதான். டேங்க் காலியாக இருந்தால் வேறு வில்லங்கம். நிலத்தடி நீர் ஏறும்போது காலி டேங்க் படகு மாதிரி மேலே கிளம்பும், பைப்புகள் முறியும். அதனால் பெருமழைக்கு முன்பே டேங்க்கை நிரப்பி வைக்கிற பங்க்காரர் விவரமானவர்.

எத்தனாலால் வந்த சிக்கல்

முன்பெல்லாம் பெட்ரோல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். அடித்தண்ணியை உறிஞ்சி எடுத்தால் வேலை முடிந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஒரு அளவை தாண்டிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். பிறகு அடித்தண்ணியை மட்டும் எடுத்து பிரயோஜனம் இல்லை. மேலே நிற்கும் பெட்ரோலும் பழைய தரத்தில் இருக்காது. மொத்த சரக்கையும் லாரியில் ஏற்றி கம்பெனிக்கு திருப்பி அனுப்ப வேண்டியதுதான். டீசலில் இந்த தொல்லை குறைவு.

அவசர ரிப்பேர் எப்படி?

முதலில் விற்பனையை நிறுத்தி மெயின் சுவிட்சை ஆஃப் செய்வார்கள். அளவுக்கம்பியின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவி டேங்க்கில் விடுவார்கள். தண்ணீர் பட்ட இடம் வரை பேஸ்ட் நிறம் மாறும். எவ்வளவு தண்ணீர் என்று அதில் தெரிந்துவிடும். பிறகு சரக்கை வெளியேற்றி, டேங்க்கை சுத்தம் செய்து, வாஷர், மூடி எல்லாம் மாற்ற வேண்டும்.

ஆபத்தான கட்டம் இதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. காலி டேங்க்கிலும் குழியிலும் தங்கி நிற்கும். கருவி வைத்து ஆவி இல்லை என்று உறுதி செய்யாமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது, வெல்டிங் பற்றி பேசவே கூடாது. பங்க்குக்கு லைசென்ஸ் தருவது மத்திய அரசின் "பெசோ" எனும் வெடிபொருள் பாதுகாப்பு துறை. 2002-ம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படிதான் எல்லாம் நடக்க வேண்டும். சீக்கிரம் திறக்கணும் என்று தினக்கூலி ஆளை குழியில் இறக்குவது கொலைக்கு சமம்.

நாம என்ன செய்யலாம்?

பெட்ரோல் போட்ட கொஞ்ச தூரத்திலேயே வண்டி இருமி இருமி நின்னு போச்சா? திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் டேங்க்கை காலி செய்து கழுவினால் பெரும்பாலும் தேறிவிடும். 2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த பி.எஸ்-6 பைக்கில் பம்ப், இன்ஜெக்டர் என்று செலவு இழுத்துவிடும். ஒரு நாள் சவாரியும் போகும்.

அதனால் மழை நாளில் பில் கேட்டு வாங்குங்க. சந்தேகம் என்றால் பங்க்கில் உள்ள கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து காட்டச் சொல்லலாம். கலங்கலாகவோ அடியில் தனி அடுக்காகவோ தெரிந்தால் போடாதீங்க. அடர்த்தியும் பார்க்கச் சொல்லலாம். பதிவேட்டில் உள்ள அளவில் இருந்து 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. பில்டர் பேப்பரில் சொட்டு விடுவது கலப்படம் கண்டுபிடிக்கத்தான், தண்ணீருக்கு அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

கூரையையும் பாருங்க

2023 செப்டம்பர் 29-ந்தேதி மாலை பலத்த மழையில் சைதாப்பேட்டை பங்க் ஒன்றின் கூரை சரிந்து ஊழியர் ஒருவர் பலியானார். மழைக்கு ஒதுங்கியவர்களும் காயம் அடைந்தனர். தூண் அடியில் துரு, ஆடும் தகடு, சாய்ந்த கூரை தெரிந்தால் அங்கே ஒதுங்க வேண்டாம். புகார் செய்ய கம்பெனி அதிகாரியின் போன் நம்பர் பங்க் போர்டிலேயே இருக்கும். புகார் புத்தகமும் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.