சட்டைப் பையில் ஒரு பென்குவின்

பென்குவின் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். தாம்பரம் ரயிலில் உங்களை நெருக்கிக்கொண்டு நிற்பவரின் சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனா? அதற்கு அடியில் ஓடுவது லினக்ஸ். அதன் சின்னம் பென்குவின்தான்.

1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது மேஜைக் கம்ப்யூட்டரின் இன்டெல் 386 சில்லுக்காக. போனில் இருப்பதோ கரண்ட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஆர்ம் சில்லு. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. மனிதர் எழுதும் மூலநிரலைச் சில்லின் பாஷைக்கு மாற்றுவதைத்தான் 'கம்பைல்' செய்வது என்கிறார்கள். 1994-ல் இங்கிலாந்தின் ரஸ்ஸல் கிங், லினக்ஸை ஆர்முக்குக் கொண்டுவந்தார்.

ஒரு வேடிக்கை. கையடக்கக் கருவிக்குத் தன் மென்பொருளைத் தானே கம்பைல் செய்துகொள்ளத் தெம்பு போதாது. கிரைண்டர் உள்ள வீட்டில் அரைத்து, இல்லாத வீட்டுக்குத் தூக்கில் மாவு கொடுத்தனுப்புவோமே, அந்த மாதிரி பெரிய கம்ப்யூட்டரில் 'அரைத்து' அதில் ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர் கிராஸ் கம்பைலிங்.

2001-ல் பெங்களூரில் இதைச் செய்து காட்டினார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர்! 206 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் சில்லு, உள்ளே லினக்ஸ். படிக்கத் தெரியாதவருக்கு நம் மொழிகளில் வாய் திறந்து பேசும். உலகமே பாராட்டியது. ஆனால் 2004-ல் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலையே சுமார் 10,000 ரூபாய். அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது. விற்றது சில ஆயிரம்தான்.

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. சிம்ப்யூட்டரில் இருந்த அதே சேர்மானம்: ஆர்ம், லினக்ஸ். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. ஆதரவில் வளர்ந்த நிறுவனம் 'பார்ஓஎஸ்' என்று ஒன்றைக் காட்டியதே, அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலைத் தனக்கு வேண்டியபடி மாற்றிக் கம்பைல் செய்ததுதான்.

அப்படியானால், கம்பெனி கைவிட்ட உங்கள் பழைய போனுக்கு நீங்களே புதிதாக அரைத்துக்கொள்ளலாமே? 2017 முதல் 'போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்' ஆர்வலர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பல போன்களில் கேமரா விழிக்காது, சிக்னல் வராது. காரணம், அவற்றை இயக்கும் நிரல்களை வெளியே தருவதில்லை. அரிசி உங்களிடம் இருக்கிறது, கிரைண்டரும் இருக்கிறது. உளுந்து மட்டும் கம்பெனியின் பூட்டிய பீரோவில்.

காசு கொடுத்து வாங்கியது நீங்கள். போன் யாருடையது, சொல்லுங்கள்?