கொட்டிக்கிழங்கு முதல் கங்கோங் வரை

நம்ம ஊர் பெயர் லூமுட். மலாய் மொழியில் லூமுட் என்றால் பாசி. பாசியின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, தண்ணீரில் விளையும் உணவைப் பற்றி நாம் இவ்வளவு குறைவாக அறிந்திருப்பது வியப்புத்தான். கங்கோங் எந்த நாட்டுக் கீரை என்று வகுப்பில் கேட்டால், "சீனக் கீரை" என்றுதான் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

கங்கோங்குக்குத் தமிழில் வள்ளை என்ற பழம்பெயர் உண்டு. துளையுள்ள அதன் தண்டு நீர்மேல் மிதந்து படரும். நம் பழைய இலக்கியங்கள் பெண்களின் காதுக்கு வள்ளையை உவமை சொல்லும். (நெல் குத்தும்போது பாடும் வள்ளைப்பாட்டு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மேல்நாட்டு அறிவியல் இதற்குப் பெயர் சூட்டியதோ 1775-இல். ஏமன் நாட்டில் செடிகொடிகளை ஆராயப் போய் 1763-இல் அங்கேயே உயிர்விட்ட போர்ஸ்கால் என்னும் சுவீடன் நாட்டறிஞரின் நூலில் அது வெளிவந்தது.

மூதுரை படித்தவர்களுக்குக் கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றும் நினைவிருக்கும். குளம் வற்றியதும் பறவைகள் பறந்துவிட, இம்மூன்றும் அங்கேயே ஒட்டியிருக்கும்; உறவினர் அப்படி இருக்கவேண்டும் என்கிறார் ஔவையார். அவை ஏன் போகவில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் சேற்றுக்குள் கிழங்கு உண்டு. மேலே காய்ந்தாலும் கிழங்கு உயிரோடு கிடந்து, மழை வந்ததும் துளிர்க்கும். அந்தக் கிழங்குகளை மனிதரும் தோண்டி அவித்துத் தின்றார்கள்.

புறநானூற்றின் 248-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண்ணை மறக்க முடியாது. இளமையில் அவளுக்குத் தழையாடை ஆனது சிறுவெள்ளாம்பல். கணவன் இறந்தபின், பொழுது தப்பி உண்ணும் அவளுக்கு அதே ஆம்பலின் விதைதான் அரிசி. இல்லாத காலத்துச் சோறு குளத்தில்தான் இருந்தது.

ஏரியும் குளமும் நிறைந்த தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். இங்கே தேங்கிய தண்ணீர் என்றாலே பயம். மலேரியாக் காய்ச்சலில் லயம் லயமாக ஆட்கள் செத்தார்கள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களில் கான் வெட்டுவதும் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. அது நல்ல காரியமே. ஆனால் லயத்துப் பின்புறத்தில் குளம் வைக்க யாரும் துணியவில்லை; குளத்துச் சமையலும் நம்மவர் கையைவிட்டுப் போயிற்று என்றே நான் நினைக்கிறேன். சீனக் குடியானவர்கள் மட்டும் பன்றி, மீன், கங்கோங் மூன்றையும் ஒரே குட்டையைச் சுற்றி வளர்த்து வந்தார்கள். அதனால்தான் அது சீனக் கீரை ஆகிவிட்டது.

பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. 1941 டிசம்பர் முடிவதற்குள் ஈப்போ விழுந்துவிட்டது. அரிசியில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து வாங்கித் தின்ற நாடு இது; கப்பல் நின்றதும் பானையும் காலி. தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. மிச்சமிருந்த பெண்கள் எதை ஆக்கினார்கள்? "அரிசி ஏது கண்ணு? மரவள்ளியும் கானோரத்துக் கங்கோங்கும்தான்" என்பார் என் பாட்டி. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு. ஆனால் கண்ணுக்கு வேண்டிய ஏ சத்து இல்லை எனலாம். அதைக் கங்கோங் கொடுத்தது. ஒக்கூர் மாசாத்தனாரின் பெண்ணுக்கும் இந்தப் பெண்களுக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷ இடைவெளி. அடுப்பில் இருந்தது என்னவோ அதே தண்ணீர்ப் பயிர்தான்.

இன்று நாம் வளர்க்க ஏரி வேண்டாம். வீட்டுப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டியோ பழைய குளியல் தொட்டியோ போதும். அடியில் ஒரு சாண் சேறு, மேலே கொஞ்சம் தண்ணீர். பசாரில் வாங்கிய கங்கோங்கில் முற்றிய தண்டாக, மூன்று நான்கு கணுவுள்ளதாகப் பார்த்து ஊன்றுங்கள். கணுவில் வேர் விடும். தாமரைக்கிழங்கு வேண்டுமானால் இன்னும் அகலமான தொட்டி தேவை.

கொசுவை மறக்கக்கூடாது. வீட்டில் கொசுப்புழு வளரவிட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பத்து கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். ஆகாயத்தாமரையை மட்டும் தொட்டியில் சேர்க்காதீர்கள். யானைக்கால் நோய் பரப்பும் ஒருவகைக் கொசுவின் புழு அதன் வேரைப் பற்றிக்கொண்டுதான் மூச்சுவிடும். சாக்கடை நீர் தொட்டிக்குள் வரவே கூடாது. நீர்ப்பயிரின் மேல் குடற்புழுவின் முட்டை ஒட்டியிருக்கலாம் என்பதால் கீரையைப் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவைக்கவேண்டும்.

ஒரு மாதத்தில் முதல் அறுப்பு வரும். அடியில் இரண்டு கணு விட்டு அறுங்கள்; மறுபடி தழைக்கும்.