பூவாப் பெரணியும் பூங்கா நகரமும்

மலரைப் போற்றி வளர்ந்த மொழி தமிழ். நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் செடிகொடிகளின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தவர் தமிழர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறுவதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். இத்தகைய மொழியில், பூக்காமலும் காய்க்காமலும் நிழலிலேயே வாழ்ந்து முடியும் செடியினத்துக்குப் பெரிய இடம் கிடைக்காமற் போனதில் வியப்பில்லை. ஆயினும் பூவாத செடிக்கும் வரலாறு உண்டு. சிங்கப்பூரில் வாழும் தமிழர்க்கு அந்த வரலாறு அயலாருடையதும் அன்று. அடுக்குமாடி வீட்டு வாயிலில் ஒரு தொட்டியில் அமைதியாக நிற்கும் பெரணியின் கதையைத் தொடர்ந்து சென்றால், அது இலண்டன் மாநகரின் புகையையும், மலாயாவின் இரப்பர்க் காட்டையும், சிராங்கூன் சாலையின் சுண்ணாம்புச் சுவரையும் தொட்டு, இன்றைய பூங்கா நகரத்தில் வந்து நிற்கிறது.

பெயரும் இயல்பும்

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெரணி என்று குறிக்கும் செடியினத்தை இலங்கைத் தமிழர் பன்னம் என்பர். மலாய் மொழியில் அதன் பெயர் பாக்கு. அது வெற்றிலையோடு நாம் மெல்லும் பாக்கு அன்று. மலாய்ச் சொல்லுக்கு ஆணி என்றும் பெரணி என்றும் இரு பொருள் உண்டு. ஒரு வகைப் பெரணியின் இளந்தளிரைத் தேங்காய்ப் பாலில் சமைத்து உண்பது மலாய் மக்களின் நெடுநாள் வழக்கம்.

சிங்கப்பூரில் மிகுதியாகக் கண்ணிற் படுவது பறவைக்கூட்டுப் பெரணி. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் அதற்கு அஸ்பிளேனியம் நைடஸ் எனப் பெயரிட்டார். நைடஸ் என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் கூடு என்பதே. நீண்ட பச்சை இலைகள் வட்டமாக எழுந்து நடுவில் ஒரு கூடு போன்ற குழியை அமைக்கின்றன. மேலேயுள்ள மரம் உதிர்க்கும் சருகுகள் அக்குழியில் விழுந்து மட்கி, அச்செடிக்கு மண்ணாகவும் உரமாகவும் ஆகின்றன.

இங்கு ஓர் உண்மையை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். மரத்தின்மீது வாழ்வதனாலேயே இதனை ஒட்டுண்ணி என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. மரத்தின் சாற்றை இச்செடி உறிஞ்சுவதில்லை. அது மரத்திடம் பெறுவது நிற்க ஓர் இடம் மட்டுமே. உணவைத் தானே தேடிக்கொள்கிறது. அதுமட்டுமன்று, பிற உயிர்களுக்கும் அது இல்லமாகிறது. சபா மாநிலத்துக் காட்டில் இச்செடிகளை ஆராய்ந்த அறிஞர்கள், மரமுகட்டில் வாழும் சிற்றுயிர்களின் மொத்த எடையைப் பற்றிய பழைய மதிப்பீட்டை இருமடங்காக உயர்த்த வேண்டும் என 2004ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அத்துணைப் பூச்சிகள் அக்கூடுகளுக்குள் வாழ்கின்றன. மலாய் நாட்டார் நம்பிக்கையோ, லங்சுயர் என்னும் பெண்பேய் இக்கூட்டில் குடியிருப்பதாகச் சொல்லும். உள்ளே உயிர்கள் உண்டு என்பதில் அறிவியலும் நாட்டார் நம்பிக்கையும் ஒன்றுபடுவது சுவையானது.

புகையில் பிறந்த பெட்டி

பெரணி வீட்டுக்குள் வந்த வரலாறு இலண்டனில் தொடங்குகிறது. நத்தானியல் வார்டு என்னும் மருத்துவர் அந்நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தார். பெரணி வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். ஆனால் ஆலைகள் கக்கிய நிலக்கரிப் புகை அவர் நட்ட பெரணிகளை எல்லாம் மாய்த்துவிட்டது. 1829ஆம் ஆண்டில் அவர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து எழுந்தன. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் நீர்த்துளியாகி, மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. வெளியே மாண்ட பெரணி, மூடிய கண்ணாடிக்குள் தழைத்தது.

இக்காட்சியிலிருந்து பிறந்ததே வார்டுப் பெட்டி என்னும் கண்ணாடிப் பேழை. 1833ஆம் ஆண்டில் பெரணிகளும் புற்களும் நிறைந்த இரு பெட்டிகள் கப்பலேறி, பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் உயிருடன் சிட்னி போய்ச் சேர்ந்தன. அதுவரை உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் வழியிலேயே மடிந்த செடிகள், இனிக் கடல் கடந்து குடியேறலாம் என்னும் நிலை உண்டாயிற்று. இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்தார் வரவேற்பறைதோறும் பெரணிப் பேழையை வைத்து அழகு பார்த்தனர். அம்மோகம் எல்லை மீறிப் போகவே, சார்லஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் 1855ஆம் ஆண்டில் அதனைப் பெரணிப் பித்து என்று பொருள்படும் சொல்லால் எள்ளினார்.

இரப்பரும் தமிழரும்

பெரணிக்காக அமைந்த பெட்டி பெரணியோடு நின்றுவிடவில்லை. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்கு இரப்பர் விதைகள் வந்தன. முளைத்த கன்றுகளில் 1,900க்கும் மேற்பட்டவை 38 வார்டுப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில 1859ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிங்கப்பூர்ப் பூமலையில் நடப்பட்டன. 1888 முதல் 1912 வரை அத்தோட்டத்தின் தலைவராக விளங்கிய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சே யான் வாணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் மலாயாவின் மேற்குக் கரை முழுவதும் இரப்பர்க் காடாயிற்று.

அக்காட்டில் உழைத்தவர் யாவர்? கங்காணிகள் வழியாகத் தமிழகத்தின் ஊர்களிலிருந்து திரட்டப்பட்டுக் கப்பலேறிய தமிழர்களே அவருட் பெரும்பாலோர். அவர்களைக் கொண்டுவரும் செலவுக்கென 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றே அமைக்கப்பட்டது. சிங்கப்பூரின் வடபுறத்துச் செம்பவாங், மண்டாய்ப் பகுதிகளிலும் தமிழர் இரப்பர் மரம் சீவினர். இலண்டன் மருத்துவர் ஒருவரின் புட்டியில் பெரணி முளைத்திராவிடினும் மாந்தர் வேறு வழி கண்டிருக்கலாம். ஆனால் நடந்த வரலாற்றில், தமிழரை மலாயாவுக்கு அழைத்த மரம் அப்பெரணிப் பெட்டியின் துணையாலேயே கீழை நாடுகளில் பரவத் தொடங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வந்த செடிக்குக் காற்றும் ஈரமும் அளந்து கொடுக்கப்பட்டன. கப்பலின் கீழ்த்தளத்தில் வந்த மனிதருக்கு அத்துணைக் கவனம் கிட்டியதா என்னும் வினா வரலாறு படிப்போர் நெஞ்சை உறுத்தாமற் போகாது.

பெரணி நூல் எழுந்த காலம்

இந்நாட்டுப் பெரணிகளை முறையாக ஆராய்ந்தவருள் தலையாயவர் ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம். 1895ஆம் ஆண்டில் பிறந்த அவர் 1922இல் சிங்கப்பூர் வந்து, 1925 முதல் 1949 வரை பூமலையின் தலைவராகப் பணியாற்றினார். 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆங்கிலேயர் பலர் சிறைப்பட்டனர். ஆயினும் ஜப்பானிய அறிஞர்களான தனகாடேயும், அவர்க்குப் பின் வந்த கொரிபாவும் தோட்டத்தின் நூலகமும் உலர்செடித் தொகுப்பும் அழியாமல் காத்தனர். ஹோல்ட்டம் அங்கேயே இருந்து ஆய்வைத் தொடர இசைவு பெற்றார். ஆட்சிப் பணியின் சுமை நீங்கிய அந்த ஆண்டுகளில் அவர் பெரணிகளிலும் ஆர்க்கிட் மலர்களிலும் முழு மனத்தைச் செலுத்தினார். நகரில் பசியும் அச்சமும் நிலவிய காலத்தில், பகைவர் எனப்பட்ட இரு நாட்டார் ஒரே மேசையருகே அறிவைக் காத்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

போர் முடிந்தபின், 1949ஆம் ஆண்டில், ஹோல்ட்டம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியற் பேராசிரியரானார். அவருடைய மலாயாப் பெரணிகள் பற்றிய பெருநூல் 1950களின் நடுவில் வெளிவந்தது. மலாயாவின் தாழ்நிலங்களில் தோட்டமிடுதல் குறித்து எளியோருக்காக அவர் எழுதிய நூல் 1953ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1990ஆம் ஆண்டில் மறையும் வரை அவர் பெரணி ஆய்வை விடவில்லை. காடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்ட சிங்கப்பூரில், எவ்வெப் பெரணி எங்கெங்கு வாழ்ந்தது என்று இன்று சொல்ல முடிவதற்கு இத்தகையோர் எழுதிவைத்த குறிப்புகளே சான்று.

சுண்ணாம்புச் சுவரின் சாட்சி

எழுதப்படாத சான்றும் ஒன்று உண்டு. சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய தலைமுறையினர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று வழங்கினர். அப்பகுதியில் சுண்ணாம்புத் தொழில் நடந்ததை அப்பெயர் காட்டுகிறது. நகரத்தின் கட்டடங்கள் பலவற்றுக்குப் பூசிய சாந்தும் தென்னிந்தியக் கைமுறையே. 1862ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலந்து, அவர்கள் அதன் சுவரைப் பூசினர் என்று அவர்களை மேற்பார்த்த மெக்நேர் 1899இல் வெளிவந்த நூலில் பதிவு செய்துள்ளார்.

இத்தகைய சுண்ணாம்புச் சுவரை விரும்பும் பெரணி ஒன்று உண்டு. நடுநரம்பின் இருபுறமும் ஏணிப்படி போல நீண்ட சிற்றிலைகளை அடுக்கிய அதனை அறிவியலார் டெரிஸ் விட்டாட்டா என்பர். சிங்கப்பூரின் பழைய சுவர்ப் பிளவுகளில் அது தானே முளைக்கிறது. நட்டவர் இல்லை, நீர் ஊற்றியவர் இல்லை. 1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பின்னர், பழைய கடைவீடுகள் பல புதுக்கப்பட்டன. வேர்கள் சுவரைப் பிளக்கும் என்பதால் புதுக்கும்போது இத்தகைய செடிகளைக் களைதல் இன்றியமையாதது. ஆயினும், சாந்து குழைத்த கைகளின் பெயர்கள் ஏட்டில் இல்லாதபோது, அக்கைகள் பூசிய சுண்ணாம்பை அறிந்து வந்து குடியேறிய அச்சிறு பெரணி ஒருவகையில் அவர்களின் சாட்சியாக நிற்கிறது எனலாம்.

காட்டுக் கிளையிலிருந்து வீட்டு வாயிலுக்கு

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திரு. லீ குவான் யூ ஃபாரர் சர்க்கஸ் பகுதியில் மரம் ஒன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். 1967ஆம் ஆண்டு மே மாதம் பூங்கா நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாலையோரங்களில் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்தன. அம்மரமும் இந்நாட்டுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவிலிருந்து 1876ஆம் ஆண்டில் வந்தது. வந்தேறிய மரத்தின் கிளையில் இந்நாட்டுக் காட்டுப் பெரணி வந்து அமர்ந்தது. காடு போயிற்று; ஆனால் காட்டின் ஒரு கூறு சாலைக்கு மேலே கூடு கட்டிக்கொண்டது.

1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பத்து மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றியது. வாசலில் மண் இல்லாத அவ்வீடுகளில் தாழ்வாரமே தோட்டமாயிற்று. துளசியும் கறிவேப்பிலையும் வெயில் விழும் பக்கம் நின்றன. வெயில் விழாத மூலை பெரணிக்கு உரியதாயிற்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் இத்தீவில் அதற்குத் தனிக் கண்ணாடிப் பேழை வேண்டுவதில்லை. இலண்டன்காரர் பெட்டிக்குள் படைக்க முயன்ற காற்றே இங்குத் தாழ்வாரமெங்கும் வீசுகிறது.

அதனை வளர்ப்போர் கருதவேண்டியது ஒன்றே: அது கிளையில் வாழப் பிறந்த செடி. ஆகவே இறுகிய களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரி, உடைந்த செங்கல், மட்கிய இலை ஆகியவற்றைக் கலந்து நீர் தங்காமல் வடியச் செய்தல் வேண்டும். நண்பகல் வெயில் இலையைக் கருக்கும். மரநிழல் போன்ற மென்மையான ஒளி போதும். குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் இலைநுனி காயும். முதிர்ந்த இலையின் அடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புக் கோடுகளை நோயென்று எண்ணித் துடைப்பவர் பலர். அவை நோயல்ல, பூவாத செடி தன் இனத்தைப் பெருக்க வைத்திருக்கும் நுண்வித்துகளின் பைகளே.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்குதல் கூடாது. 1968ஆம் ஆண்டிலேயே நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கச் சிங்கப்பூர் சட்டம் இயற்றியது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தேங்கிய நீரில் முட்டையிடும். பொதுத் தாழ்வாரத்தில் ஆள் நடக்க வழிவிட்டுத் தொட்டி வைப்பதும் கடமை. செடி வளர்ப்பது ஒருவரின் விருப்பம். அது அண்டை வீட்டாருக்கு இன்னலாகாமல் காப்பது சமுதாய ஒழுக்கம்.

2015ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலை யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக ஏற்கப்பட்டது. ரிட்லி, ஹோல்ட்டம் ஆகியோரின் பெயர்கள் அதன் வரலாற்றில் என்றும் நிற்கும், நிற்பது முறையே. இரப்பர்ப் பால் எடுத்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் மண் கொத்தியவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டு எழுதிவைக்கும் பணி இன்றைய ஆசிரியரையும் மாணவரையும் நோக்கிக் காத்திருக்கிறது. கபிலர் பெயர் சொல்லிப் பாடியதால் மலர்கள் வாழ்கின்றன. பூவாத வாழ்வு வாழ்ந்தோரையும் பெயர் சொல்லி நினைத்தல் நம் கடன். பெரணி மரத்தை உறிஞ்சி வாழவில்லை. நிற்க இடம் பெற்று, உதிர்ந்ததை உரமாக்கி, தன் கூட்டில் பல உயிர்க்கு இடம் தந்தது. அவ்வாறே இந்நாட்டில் வேரூன்றியது ஒரு தலைமுறை. அதன் வழிவந்தோர் வாயிலில் அச்செடி பசுமையாக நிற்பது பொருத்தமே.