உயிர்க்காற்றும் கண்ணொளியும்

பேராதனையில் 1962இல் மருத்துவபீடம் தோன்றியபின், கண்டிப் பிரதேசத்தின் மருத்துவ வசதிகள் படிப்படியாக விரிவடைந்தன. முன்னர் பிழைப்பதரிதெனக் கருதப்பட்ட குறைமாதச் சிசுக்கள் இன்று உயிர்தப்புகின்றன. ஆயினும், உயிரைக் காத்தல் மட்டும் போதாது, பார்வையையும் காத்தல் வேண்டும் என்பதை மருத்துவ வரலாறு உணர்த்துகின்றது.

கருவிலுள்ள சிசுவின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் ஏறத்தாழ நான்காம் மாதத்தில் அரும்பி, நிறைமாதத்தையொட்டியே விளிம்பை அடைகின்றன. முந்திப் பிறக்கும் சிசுவில் இவ்வளர்ச்சி தடைப்படுகின்றது. பின்னர் ஒழுங்கின்றிப் பெருகும் குழாய்கள் விழித்திரையைப் பிரித்திழுத்துக் குருடாக்கலாம்.

1942இல் பொஸ்டன் நகர மருத்துவர் தியடோர் ரெறி இந்நோயை விவரித்தார். அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். வசதிமிக்க வைத்தியசாலைகளிலேயே நோய் மலிந்திருந்தமை மருத்துவரைத் திகைக்கவைத்தது. தாராளமாக அளிக்கப்பட்ட ஒட்சிசனே காரணமாகலாம் என 1951இல் மெல்பேர்ண் மருத்துவர் கேற் கம்பெல் அம்மையார் சுட்டினார். அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் இணைந்து நடத்திய ஆய்வு 1954இல் அதனை உறுதிசெய்தது. ஒட்சிசன் கட்டுப்படுத்தப்பட்டது, நோயும் குறைந்தது. ஆனால், மூச்சுத்திணறி இறந்த சிசுக்களின் தொகை பெருகியது. காக்கப்பட்ட ஒரு பார்வைக்கு ஏறத்தாழ 16 உயிர்கள் பலியாயின என 1973இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. மிகையும் குறையும் ஒருங்கே கேடு விளைத்தன.

1988இல் குளிர்முறைச் சிகிச்சையின் பயன் நிறுவப்பட்டது. பின்னர் லேசர் கதிரும், அண்மைக்காலத்தில் கண்ணினுள் செலுத்தும் மருந்தும் வழக்கிற்கு வந்தன. எனினும், சிகிச்சைக்குரிய காலம் மிகக் குறுகியது. நோய் முற்றும்வரை வெளித்தோற்றத்தில் எவ்வறிகுறியும் தெரியாது, தாயும் அறியாள். ஆகவேதான், 2000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரங்களுக்கு முன்னரோ பிறந்த சிசுவின் கண்களை 30 நாள்களுக்குள் பரிசோதிக்குமாறு இந்திய மருத்துவ நெறிமுறைகள் வற்புறுத்துகின்றன.

ஒரு பரிசோதனையுடன் இக்கடமை முடிவதில்லை. குழாய்கள் விளிம்பை அடையும்வரை, வீடு திரும்பிய சிசுவும் ஓரிரு வாரங்களுக்கொருமுறை கொண்டுவரப்படல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு, ஒவ்வொரு பயணமும் ஒருநாட் கூலியின் இழப்பாகும். தவணையின் அவசியத்தை அவளது மொழியிலேயே எடுத்துரைக்காவிடின், நலமாகத் தோன்றும் குழந்தையைத் தாய் மீண்டும் கொண்டுவருவாள் என எதிர்பார்த்தல் பொருந்தாது. ஒட்சிசனின் அளவறிந்து ஊட்டுதல் வைத்தியசாலையின் பொறுப்பு. அத்தாயின் வழிச்செலவையும் கூலியிழப்பையும் ஈடுசெய்தல் சமூகத்தின் பொறுப்பாகும்.